கிராக்கோவில் நடந்தது

எங்கள் சிவகாசிப் பக்கம் ஒரு மனிதர் ரோட்டில் நடந்து போனால், அவருடைய வண்டி ரிப்பேர் என்று அர்த்தம். திருத்தங்கல் ரோட்டில் நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றுவிடும். "ஏறுங்க அண்ணாச்சி, எங்கன போகணும்?" வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். என் கணவர் தனுஷ்கோடிக்கு மதுரையில் பைபாஸ் செய்த டாக்டர், தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் நாள் காலையில் கிளம்பினார். பக்கத்துக் கம்பெனிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் அச்சக வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு லோடு ஆட்டோ. அதற்கப்புறம் அவர் கிளம்பவே இல்லை.

உண்மையில் வண்டிகள் அவருக்கு ஒரு சாக்கு. பயம்தான் காரணம். இரவு பகல் பாராமல் மிஷினோடு மிஷினாக நின்றவர், ஆபரேஷனுக்குப் பிறகு வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியைப் பார்த்தாலே முகம் மாறும். உள்ளே ஏதோ அவிழ்ந்துவிடும் என்று அவருக்கு எண்ணம்.

போலந்தில் கிராக்கோவ் என்ற ஊரில் கணக்கு வேலை பார்க்கும் எங்கள் மகள் மகா, "இங்கன கூட்டிட்டு வாம்மா. இங்க யாரும் அப்பாவ வண்டியில ஏத்த மாட்டாக" என்றாள். கிராக்கோவில் இருக்கும் மகளிடம் போகிறோம் என்று தெருவில் சொன்னபோது, எதிர்வீட்டு அம்மாள் கையைக் கூப்பி, "அது என்ன சாமி கோயிலு, ராஜி?" என்று கேட்டாள். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு தேவாலயம் என்பதைப் போன பிறகு பார்த்தேன். அவள் கேட்டதில் பெரிய தப்பில்லை.

நாங்கள் போனது மே மாதம். அக்னி நட்சத்திர வெயிலிலிருந்து போய் இறங்கிய எங்களுக்கு அந்த ஊர் வெயில் வெறும் வெளிச்சமாகத்தான் இருந்தது. மகாவின் வீடு ஆற்றுக்குத் தென்கரையில், பழைய நகரம் வடகரையில். முதல் நாள் அவளே எங்களை டிராமில் கூட்டிப்போனாள். பழைய நகரத்தைச் சுற்றி முன்பு கோட்டைச் சுவர் இருந்ததாம். சுவரை இடித்துவிட்டு அந்த இடம் முழுக்க மரம் நட்டிருக்கிறார்கள். இப்போது அது ஊரைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி ஒரு பூங்கா. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கூப்பிடு தூரத்துக்கு ஒரு பெஞ்சு. "வழியே தப்பாது. நடந்துட்டே இருந்தா கெளம்பின எடத்துக்கே வந்திருவீக" என்றாள் மகா.

அவர் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரைக்கும் நடந்தார். உட்கார்ந்தார். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "போதும்" என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மரங்கள் வெள்ளைப் பூவைக் கொத்துக் கொத்தாக நிமிர்த்தி வைத்திருந்தன. நாய்க்குட்டியோடு ஒரு பெண், கைத்தடியோடு ஒரு கிழவர், தோளில் பை மாட்டிய பிள்ளைகள் என்று எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். யாரையும் யாரும் வண்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது விருதுநகர் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் பெரிய கூட்டுக் குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேச அங்கே ஒரு மூலைகூடக் கிடையாது. சாயங்காலம் ஏதாவது வாங்கி வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பித் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம். ஒரு சுற்று போதாமல் இன்னொரு சுற்று. அப்படி நடந்தபோதுதான் அவருக்கு என்ன பிடிக்கும், யாரைக் கண்டால் ஆகாது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. சிவகாசியில் அச்சகம் போடலாம் என்று முடிவு செய்ததும் அந்தச் சுற்றில்தான். திரும்பும்போது எண்ணெய் புரோட்டா பொட்டலம் கையில் சுடும். வீட்டுக்கு அதுதான் கணக்கு.

சிவகாசிக்கு வந்தோம், ஸ்கூட்டர் வாங்கினார். அதோடு நடை போயிற்று. அதற்குப் பின் வெளியே போகும்போதெல்லாம் நான் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். நான் பேசுவது காற்றில் போய்விடும். "என்ன சொன்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன்.

அடுத்த நாள் மழைத்தூறல். மாடியில் குடியிருந்த ஹலினா என்ற அம்மாள் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். மகா மொழிபெயர்த்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டி! எங்கள் அச்சகத்தில் ஆண்டுதோறும் நாள்காட்டிக்குப் புரூஃப் பார்ப்பது நான்தான். எமகண்டம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தாலும் தமிழ்நாட்டின் பாதிப் பேர் போனில் வந்துவிடுவார்கள். இங்கே ராகு காலம் இல்லை. சூரியன் எழும் நேரம், மறையும் நேரம், அதற்குக் கீழே அன்றைக்கு எந்தப் பெயர்க்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று சில பெயர்கள். பிறந்தநாள் மாதிரி இவர்களுக்குப் பெயர்நாள் உண்டாம். நான் தாளைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, அன்றைய தாளைக் கிழிக்க ஹலினா எனக்கு அனுமதி தந்தார். கிழித்தேன். அதே சத்தம்தான்.

"உங்கள் ஊரில் என்ன விசேஷம்?" என்று ஹலினா கேட்டார். "பட்டாசு" என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். மகா அதை மொழிபெயர்த்ததும் ஹலினாவின் முகம் சுருங்கியது. மேஜைக்கடியில் கிடந்த நாயைக் காட்டி, "புத்தாண்டு ராத்திரி முழுக்க இவன் குளியலறையில் நடுங்கிக்கொண்டிருப்பான்" என்றார். என் கணவர் குனிந்து அந்த நாயைப் பார்த்தார். "நாம அனுப்பினதா இருக்காதுன்னு சொல்லு மகா" என்றார். பிறகு அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். ஹலினா இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

அதற்குப் பிறகு மகா வேலைக்குப் போகத் தொடங்கினாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நகரத்தின் வடக்கு வாசலில் செங்கல்லால் கட்டிய வட்டக் கோட்டை ஒன்று. அதைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ஒரு நேர்த்தெரு, அதன் முடிவில் மதுரை மாசி வீதிகள் நாலையும் ஒரே இடத்தில் விரித்தது போலப் பெரிய சதுக்கம். நடுவில் பழைய ஜவுளிச் சந்தை. இவ்வளவும் சமதரைதான். வண்டிகளை உள்ளே விடுவதில்லை, சாரட்டுக் குதிரைகள் மட்டும் தட்டுத் தட்டென்று போகின்றன. தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தரம் ஒருவர் எக்காளம் ஊதுகிறார். ராகம் பாதியில் சட்டென்று நின்றுவிடும். முன்பொரு காலத்தில் எதிரிகள் வருவதைக் கண்டு ஊதியவன் தொண்டையில் அம்பு தைத்ததாம், அவன் விட்ட இடத்திலேயே இன்றைக்கும் நிறுத்துகிறார்களாம். என் கணவர் அண்ணாந்து பார்த்து, "முடிச்சிட்டுத்தான் போனா என்ன" என்று சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்தார். அன்றைக்கும் நாங்கள் சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. தெரு முனைகளில் தள்ளுவண்டியில் முறுக்கிய வளைய ரொட்டி விற்கிறார்கள். மேலே எள்ளோ கசகசாவோ கல் உப்போ ஒட்டியிருக்கும். எள்ளு போட்டது எனக்கு, உப்பு தூக்கலாக இருப்பதால் கல் உப்பு வைத்தது அவருக்குக் கிடையாது. பியெரோகி என்று ஒன்று, நம் கொழுக்கட்டையைச் சப்பையாக்கி உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த மாதிரி. தட்டை முன்னால் வைத்த பெண்ணிடம் அவர் சைகையால் மிளகாய்த்தூள் கேட்டார். அவள் உள்ளே போய்த் தேடி, சிவப்பாக ஒரு பொடியைக் கொண்டுவந்தாள். நிறம் இருந்தது, காரம் இல்லை. "நாம அச்சடிக்கிற மிளகாத்தூள் லேபிள் மாதிரி" என்றார். அந்த ஊருக்கு வந்தபின் அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். நான் தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன்.

அரண்மனைக் குன்றின் அடியில், ஆற்றங்கரையில், நெருப்புக் கக்கும் டிராகன் சிலை ஒன்றுண்டு. குழந்தைகள் காத்திருந்து கத்தினார்கள். அவர் மட்டும் தலையைச் சாய்த்து வாய்க்குள் பார்த்து, "வெடிமருந்து இல்ல, கேஸு" என்றார்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து பெஞ்சு தூரம் வரை வந்திருந்தோம். ஐந்தாவது பெஞ்சில் கை நெஞ்சுக்குப் போய்விடும். உடனே டிராம் ஏறி வீட்டுக்கு. அப்படி ஒரு நாள் திரும்பும்போதுதான் அது நடந்தது.

நிறுத்தத்தில் டிராம் வந்து நின்றது. நான் முன்னால் ஏறினேன். அவர் எப்போதும் போல இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கம்பி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். பீப் பீப் என்று சத்தம். கதவு மூடிக்கொண்டது. வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் திறக்கும் என்று மகா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அவர் பொத்தானை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். டிராம் கிளம்பிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் "ராஜி" என்று அசைந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்க வேண்டும். கூட்டத்துக்குள் முண்டி முண்டிக் கதவருகே வருவதற்குள் அது போய்விட்டது. அதற்கடுத்ததில் நான் அழுத்தியது வேறு ஏதோ பொத்தான். கடைசியில் பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில், ஒரு பெரியவர் எனக்காகக் கையை நீட்டி அழுத்திவிட்டார், இறங்கினேன். நடுவில் மணிக்கூண்டு வைத்த ஒரு பழைய கட்டடம், சுற்றிலும் கல் பாவிய சதுக்கம், நாலைந்து புறாக்கள். டிராம் வந்த திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

என்னிடம் போன் கிடையாது. அந்த ஊர் சிம் அவருடைய போனில் மட்டும். டிக்கெட்டோ என் கைப்பையில். மகாவின் எண் மனப்பாடம் இல்லை, அவருடைய போனில் போட்ட புது சிம்மின் எண்ணும் தெரியாது. மனிதர் டிராமைத் துரத்தி ஓடியிருப்பாரோ, ஓடி எங்காவது விழுந்திருப்பாரோ என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பெஞ்சில் ஒரு இளம்பெண் தள்ளுவண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கணவர், டிராம், இதய ஆபரேஷன் என்று மூன்றையும் சொன்னேன். அவள் தன் போனை நீட்டினாள். "எந்த எண்?"

எனக்கு மறக்காத எண் ஒன்றே ஒன்றுதான். எங்கள் அச்சகத்தின் லேண்ட்லைன். எத்தனையோ வருஷமாக பில் புத்தகத்தில் எழுதி எழுதி விரலிலேயே ஊறிப்போன எண். இந்தியாவுக்கு என்றேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, போடுங்கள் என்றாள்.

மணி அடித்தது. எடுத்தது மாரியப்பன். எங்கள் அச்சகத்தின் மேஸ்திரி. பின்னால் மிஷின் தடதடவென்று ஓடுகிறது. நோட்டுப் புத்தக அட்டைக்கு அது சீசன்.

"அலோ, யாரு?"

"மாரியப்பா, அக்கா பேசுதேன்பா."

"யக்கா! நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா? அண்ணாச்சி எப்படி இருக்காக?"

"அண்ணாச்சியத் தொலைச்சிட்டேன்பா."

"ஏலே, மிசின நிப்பாட்டுங்கலே!" என்று அவன் கத்திய கத்தல் தள்ளுவண்டிக்காரப் பெண்ணுக்கும் கேட்டது. மிஷின் சத்தம் நின்றது. நான் விஷயத்தைச் சொன்னேன். மாரியப்பன் தன் செல்போனை எடுத்து வாட்ஸ்அப்பில் அவரைக் கூப்பிட்டான். ஒரு காதில் நான், மறு காதில் அவர். சற்று நேரத்தில் செல்போனையே ரிசீவர் பக்கத்தில் வைத்துவிட்டான். பக்கத்துத் தெருக்களில் எங்கேயோ நின்ற என் கணவரின் குரல் சிவகாசிக்குப் போய், அங்கிருந்து திரும்பி எனக்கு வந்து சேர்ந்தது.

"மாரியப்பா, அவ எங்கன நிக்கான்னு கேளு."

"யக்கா, எங்கன நிக்கீகன்னு அண்ணாச்சி கேக்காக."

"பாலத்துக்கு முந்தின ஸ்டாப்புப்பா. அவுகள அங்கனயே உக்காரச் சொல்லு, நான் வாரேன்."

"அண்ணாச்சி, நீங்க உக்காருவீகளாம். அக்கா வருவாகளாம்."

"அவளுக்கு எந்த டிராம்னு தெரியாது. மறுபடியும் எங்கயாச்சும் போயிருவா. நான் போறேன்."

"நடக்க வேண்டாம்னு சொல்லு மாரியப்பா! அம்புட்டு தூரம் அவுகளால ஆகாது. வேற டிராம்ல ஏறச் சொல்லு."

"டிக்கெட்டு அவ பையில இருக்குன்னு சொல்லு" என்றார் அவர்.

சிவகாசியில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள் போல, ஆளுக்கொரு யோசனை கேட்டது. மாரியப்பன் அவர்களை அதட்டினான். பிறகு அவனே, "அண்ணாச்சி, தண்டவாளம் இருக்குல்ல, அதப் பிடிச்சே நேரா வாங்க. எங்கயும் திரும்பாதீக. மூச்சு வாங்குனா நின்னுக்கோங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து என்னிடம், "அக்கா, கட் பண்ணிட்டாக. கெளம்பிட்டாக போல."

மறுபடி கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டான். "மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்காகக்கா" என்றான். இன்னொரு தரம். எடுக்கவில்லை.

அந்தப் பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். அவளுக்கு வீட்டுக்குப் போகிற நேரம்தான், கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்தேன். ஆனாலும் போகவில்லை. "என் அப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான்" என்றாள். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தண்டவாளம் வளைந்து வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிராம் வந்தது, போனது. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த காலை நினைவுக்கு வந்தது. அங்கே கதவையாவது பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. அதற்குப் பின்னால் டாக்டர்கள் இருந்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? நடுத்தெருவில் விழுந்தால் பெயரைக்கூட யாருக்கும் சொல்லத் தெரியாதே.

அப்புறம் ஒரு கடைக்கு முன்னால் கூட்டம் விலகியது. வெள்ளைச் சட்டையும் மகா வாங்கிக் கொடுத்த கறுப்பு ஷூவுமாக ஒரு மனிதர் தண்டவாளத்தை ஒட்டிய நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் வீசி வந்துகொண்டிருந்தார். தெப்பக்குளத்தைச் சுற்றி என்னை அரை ஓட்டமாக ஓடவைத்த அதே நடை. முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் வந்து நின்றார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டிராம்ல உக்கார எடம் கெடச்சுதா?" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் என்ன கேட்டார் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்ததில் குழந்தை விழித்துக்கொண்டது.

அச்சகத்துக்குத் தகவல் சொன்னோம். அங்கே ஒரே கூச்சல். "ஏன் போன எடுக்கலைன்னு கேக்குறியா? சட்டைப்பைக்குள்ள கெடந்துச்சு, நின்னு எடுத்தா நேரமாகும்னு விட்டுட்டேன்" என்று மாரியப்பனிடம் விளக்கினார். "சரி சரி, எத்தன பேரு அங்கன நிக்கீக? மிசின ஓட்டுங்கலே" என்று அதட்டவும் செய்தார். அந்த அதட்டலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்னென்னவோ தமிழில் சொன்னேன். அவளும் தன் மொழியில் ஏதோ சொன்னாள். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டாள். பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று.

டிக்கெட்டை எடுத்தேன். "என்னத்துக்கு? பாலந்தானே" என்றார்.

பாலத்தில் நடந்தோம். கீழே ஆறு பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் நான் கேட்டேன், "நெஞ்சு எப்படி இருக்கு?"

"தெரியல. வார வழியில அது ஞாபகத்துக்கே வரல. ஒனக்கு இந்த ஊரு பாஷை ஒரு வார்த்தை தெரியாதே, யாருட்ட போயி என்ன கேக்கப் போறியோன்னுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. பேச்சு எங்கேயும் போய்விடவில்லை, அவர் பக்கத்தில்தான் நடந்து வந்தார்.

அந்த ஊரில் நாங்கள் இருந்த மிச்ச நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு மனது நிறைந்துவிடும். சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, நாங்கள்தான் நடந்தோம். பூங்கா வளையம் முழுவதையும் சுற்றினோம். குன்றின் மேல் ஏறினோம். அச்சகத்தை இனி எப்படி நடத்துவது என்று பேசினோம். விருதுநகர் வீட்டில் யார் யாரைக் கண்டால் அவருக்கு ஆகாது என்ற பட்டியல் இத்தனை வருஷத்தில் எவ்வளவோ மாறியிருந்தது, அதையும் பேசினோம்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஆற்றங்கரைப் பாதையில் வெகுதூரம் போய்விட்டோம். எனக்குக் கால் விண் விண்ணென்று தெறித்தது. இனி ஒரு அடி வைக்க முடியாது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உட்காரவில்லை. பாதை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீ இங்கன இரு. நான் அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வரட்டா?"

"போயிட்டு வாங்க" என்றேன்.

போனார். சைக்கிளில் வந்த பிள்ளைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். வளைவில் மறைந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லின் மேல் காலை நீட்டிக்கொண்டேன்.